பின்பக்க பிரேக் பைப் பற்றி நாகூர் நண்பருக்கு

காக்கி புக்கிட்,
சிங்கப்பூர்.

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். மீன் ஏற்றும் பிக்அப்பில் பின்பக்க பிரேக் பைப் கசிவதாகவும், கசியும் துண்டை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு நடுவில் ஒரு ஜாயிண்ட் போட்டால் போதும் என்று அங்குள்ள மெக்கானிக் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுச் சரியென்று சொல்லிவிடாதீர்கள். போன மாதம் இதே வேலை என் பட்டறைக்கும் வந்தது. அதைச் சொன்னால், நான் ஏன் தடுக்கிறேன் என்பது விளங்கும்.

வந்தது ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தைகளுக்கு மீன் கொண்டுபோகும் வண்டி. 2024 மார்ச்சில் வடக்கே இருந்த செனோக்கோ மீன்பிடித் துறைமுகத்தை மூடி எல்லாவற்றையும் ஜூரோங்கிற்கே கொண்டுவந்த பிறகு, வடக்கே உள்ள கடைகளுக்கும் அங்கிருந்துதான் ஓட்டம். பத்து வயதைத் தாண்டிய வண்டி என்பதால் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குப் போயாக வேண்டும். அந்தச் சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது, பிரேக் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது என்றார் ஓட்டுநர். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் சுற்று இருப்பதால் அவரால் பட்டறை வரை ஓட்டிவர முடிந்தது. அந்த வசதியை நம்பித்தான் பலர் நாள் கடத்துகிறார்கள்.

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவதால் வண்டியின் அடிப்பாகம் அரித்துப்போகிறது. நமக்குச் சாலையில் உப்பில்லை, மீன் பெட்டியில் இருக்கிறது. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பின்தட்டின் இடுக்குகள் வழியே சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் இறங்கி, பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் சேற்றோடு தங்கிவிடுகிறது. அந்த வண்டியில் கசிவு என்னவோ பின் அச்சுக்குப் பக்கத்தில்தான். ஆனால் டீசல் டேங்குக்கு மேலே, சேஸின் உள்பக்கமாக ஓடும் பகுதியில் கையை விட்டுத் தடவியபோது துரு செதில் செதிலாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. வெளியே பெயிண்டோடு பளிச்சென்று தெரிந்த இடத்தில்கூட, கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பைப் மெலிந்திருந்தது. இந்த நிலையில் ஒரு துண்டை மட்டும் மாற்றுவது, நைந்த வேட்டியில் புதுத்துணியை வைத்து ஒட்டுப்போடுவதைப் போன்றது. பெடலை ஓங்கி மிதிக்கும்போது பைப்புக்குள் 100 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிய அழுத்தம் ஏறும். அது அடுத்த மெலிந்த இடத்தைத் தேடிப் போகத்தான் செய்யும். வளையம் நசுங்கிப் பிடிக்கிற, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜாயிண்டை பிரேக்கில் எக்காலத்திலும் போடக்கூடாது. ஆகவே பின்பக்கம் போகும் பைப் முழுவதையும் மாற்றுங்கள். அச்சின் மேலுள்ள டீ (T வடிவ) ஜாயிண்டிலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் பிரியும் சிறு பைப்புகளையும், ரப்பர் ஹோஸையும் அதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

செம்பு பைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெறும் செம்பு வேண்டாம். அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். செம்போடு ஏறத்தாழ 10 விழுக்காடு நிக்கல் கலந்த பைப் கிடைக்கிறது. வோல்வோ நிறுவனம் 1970களிலேயே அதைத் தன் கார்களில் போடத் தொடங்கிவிட்டது. உப்பு அதை எளிதில் அரிக்காது, கையாலேயே வளைக்கலாம், அழுத்தத்தையும் தாங்கும். இரும்பு பைப்பைவிட விலை கூடுதல்தான்; மீன் வண்டிக்கு அந்தச் செலவைப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

வேலையில் பொறுமையைச் சோதிப்பது பழைய நட்டுகள். சாதாரண ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். இல்லையென்றால் நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எப்படியும் பழைய பைப்பைத் தூக்கி எறியத்தான் போகிறோம் என்பதால், நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறுமுனை சாக்கெட்டை நேராக நட்டின் மேல் இறக்குவது என் வழக்கம். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். டீசல் டேங்கும் பிரேக் ஆயிலும் இருக்கும் இடத்தில் கேஸ் தீயைக் காட்ட யாரையும் விடாதீர்கள். பைப்பைக் கழற்றும்போது பெடலோடு இணைந்த மாஸ்டர் பம்பிலிருந்து ஆயில் வடிந்துகொண்டே இருக்கும். பெடலை ஒரு அங்குலம் அழுத்தி, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தால் வடிவது நின்றுவிடும். அப்படிச் செய்யும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

டேங்கை இறக்கச் சோம்பல்பட்டு, புதுப் பைப்பை அதன் அடியால் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கல் பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பழைய பாதையிலேயே, புதுக் கிளிப்புகளோடு, சேஸில் உரசாமலும் சைலன்சருக்கு அருகே போகாமலும் ஓட்டச் சொல்லுங்கள். பைப் முனையை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, நட்டை முதலில் கோத்துக்கொண்டு, அதன் பிறகு, நட்டு கவ்விப் பிடிக்கும்படி முனையை அகலமாக விரிக்க வேண்டும். விளிம்பை ஒரு தடவை விரித்தால் போதாது; உள்ளே மடக்கி இரட்டையாக விரிக்க வேண்டும். விரித்த விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது தட்டினால், தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி விரிப்பது நல்லது.

பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, அதாவது காற்று எடுக்கும்போது, ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே, சுமைக்கு ஏற்றபடி பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டால், சுமையே இல்லை என்று எண்ணி அது ஆயிலைத் தடுத்துவிடும். ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டி என்பதால், தூரத்தில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி வலது பின்சக்கரத்திற்கு வர வேண்டும். வால்விலேயே காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதையும் விட்டுவிடக் கூடாது. அந்த வால்வின் சரிசெய்யும் போல்ட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம். அதை மாற்றிவிட்டால், வெறும் வண்டியில் மழை நாளில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆயிலைப் பொறுத்தவரை மூடி திறக்காத புது டப்பாவையே வாங்குங்கள். டாட் 3 (DOT 3) வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். நாகூர்க் கடற்காற்றில் பாதி திறந்து வைத்த டப்பா எத்தனை நாள் தாங்கும்?

நிக்கல் கலந்த பைப் அங்கே கிடைக்காவிட்டால், ஊருக்கு வரும் நம் பையன்களில் யாரிடமாவது ஒரு சுருள் கொடுத்தனுப்புகிறேன். இங்கே நான் பார்க்கும் ஜப்பானிய வண்டிகளில் நட்டு பெரும்பாலும் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரி இடைவெளியும் கொண்டது. உங்கள் வண்டியில் வேறாக இருக்கக்கூடும். முனை இரட்டை விரிப்புக்குப் பதிலாகக் குமிழ் வடிவத்திலும் இருக்கலாம். ஒன்றுக்குரிய இடத்தில் மற்றதைப் போட்டு இறுக்கினால் கசியும். ஆகவே ஒரு நட்டையும் பைப்பின் முனையையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்புங்கள். பைப்பின் மொத்த நீளத்தை ஒரு நூலால் அளந்து எழுதுங்கள். அதுவரை மீனுக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பட்டறைத் தோழன்