நைவாஷா வயலைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவின் உணவுத் தட்டுப்பாடு பற்றிய உங்கள் கட்டுரையில் வறட்சியும் பஞ்சமும் விரிவாக வந்திருந்தன. அந்த நாடுகளின் விஞ்ஞானிகள் மக்காச்சோளத்துக்காகக் கைகோத்துச் செய்துவரும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நமக்கு மக்காச்சோளம் என்றால் நாமக்கல் பக்கம் போகிற கோழித்தீவனம். கென்யாவில் அதுதான் சோறு. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நம்ம களி மாதிரியே கிண்டி, உகாலி என்கிறார்கள். ஜிம்பாப்வேயில் அதற்குச் சாட்சா என்று பெயர்.

அந்தச் சோற்றில்தான் 2011இல் மண் விழுந்தது. கென்யாவின் பொமெட் பகுதியில் புதிதாக ஒரு நோய். இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே உள்ளே வரும். கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேர்வதால் வருகிற நாசம் இது. ஒன்றை அசுவினிப் பூச்சி பரப்புகிறது, இன்னொன்றை இலைப்பேனும் வண்டும் பரப்புகின்றன. சில வருடங்களுக்குள் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா வரை போய்விட்டது.

2013இல் கென்ய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையமான சிம்மிட்டும் சேர்ந்து கென்யாவின் நைவாஷாவில் ஒரு சோதனை வயலை அமைத்தன. நோய் வந்த இலைகளை அரைத்து, சாறெடுத்து, நாம் பயிருக்கு மருந்து அடிக்கிற மாதிரி முதுகில் பவர் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நல்ல செடிகள்மேல் வேண்டுமென்றே நோயை அடிக்கிறார்கள். எது தாக்குப்பிடித்து நிற்கிறதோ அதுதான் அடுத்த ரகத்துக்குத் தாய். பல நாடுகளின் அரசு ஆய்வு நிலையங்களும் விதை நிறுவனங்களும் தங்கள் விதைகளை இந்த ஒரே வயலுக்கு அனுப்பின. நோய் விதை வழியாகவும் கொஞ்சம் பரவும் என்பதால், ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளுக்குப் போகிற ஆராய்ச்சி விதையை ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே அருகே தனி வயலில் வளர்த்துப் பார்த்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே விடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பக்கத்து நாட்டு வயலையும் தன் வயலாக நினைத்தால்தான் இவ்வளவு பொறுமை வரும்.

இதில் என் சொந்தக் கதையும் இருக்கிறது. 2018இல் எங்கள் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. குருத்தை விரித்துப் பார்த்தால் மரத்தூள் மாதிரி ஈரமான எச்சம், அதற்கடியில் புழு. என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று முறை மருந்தடித்தும் பாதிக் கதிர்கூடத் தேறவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இதே புழு 2016இலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் கால் வைத்திருக்கிறது என்று. அங்குள்ள அனுபவத்தைத் திரட்டி, 2018 ஜனவரியிலேயே ஒரு மேலாண்மைக் கையேடும் வெளியிட்டிருக்கிறார்கள். நான் அந்த வருடம் விதைக்கவே ஆரம்பிக்காத நேரம் அது!

கென்யாவின் கிபோகோவில் படைப்புழுவைத் தாங்கும் ரகங்களுக்கான சோதனையும் நடந்திருக்கிறது. அடுத்த முறை ஆப்பிரிக்க விவசாயம் பற்றி எழுதும்போது நைவாஷாவுக்கும் கிபோகோவுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். எங்கள் ஊரில் அதைப் படிக்க ஆள் இருக்கிறது.

அன்புடன்,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்