சைடுகார் வண்டியில் பழகுவோருக்குத் தெளிவான விதி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலியால் என் மனைவிக்குப் பின் இருக்கையில் ஏறி உட்கார முடிவதில்லை. ஆகவே முறைப்படி அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் குறிக்கச் செய்து, எங்கள் புல்லட்டின் இடப்பக்கம் சைடுகார் (ஒற்றைச் சக்கரம் கொண்ட பக்க இருக்கை) பொருத்தியிருக்கிறோம். என் மகள் எல்.எல்.ஆர். எடுத்து அதை ஓட்டப் பழகிவருகிறாள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 3-ஆவது விதிப்படி, உரிமம் பெற்ற ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் பழகுநருடன் அமர்ந்திருக்க வேண்டும். சைடுகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோட்டார் சைக்கிளில் அவரைத் தவிர வேறு எவரையும் பழகுநர் ஏற்றக் கூடாது. கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால், இரண்டு பிரேக்குகளும் வலப்பக்கம் இருக்கும் வண்டியில், இடப்பக்கச் சைடுகாரில் உட்கார்ந்தாலும் பின் இருக்கையில் உட்கார்ந்தாலும் எனக்கு எந்த பிரேக்கும் எட்டாது. சைடுகாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விதி, கற்றுக்கொடுப்பவர் எங்கே அமர்வது என்பதைச் சொல்லவில்லை.

முதல் நாள் மைதானத்தில் நான் பின் இருக்கையில் இருந்தேன். இடப்பக்கம் திரும்பும்போது, வழக்கமான வண்டியைப் போல என் மகள் உடலைச் சாய்த்தாள். வண்டி சாயவில்லை, காலியாக இருந்த சைடுகாரின் சக்கரம்தான் ஒரு சாண் உயரம் தரையைவிட்டு எழும்பியது. அவள் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்ததும் சக்கரம் தொப்பென்று இறங்கியது. மறுநாள் முதல் இரண்டு மணல் மூட்டைகளைச் சைடுகாரில் வைத்துத்தான் பழகுகிறோம். வேகம் கூட்டினால் இடப்பக்கமும், பிரேக் பிடித்தால் வலப்பக்கமும் இழுக்கும் இவ்வண்டியை ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும். இது முற்றிலும் வேறொரு பழக்கம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, கழற்றக்கூடிய சைடுகாரையும் மோட்டார் சைக்கிள் என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கிறது. எனவே எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, சைடுகார் இல்லாத வண்டியில் எட்டு போட்டுக் கியர் வண்டி உரிமம் பெறுபவர், மறுநாளே சைடுகாரில் தாயையோ குழந்தையையோ ஏற்றிச் செல்லலாம். தகப்பன் என்ற முறையில் இது எனக்கு அச்சமாக இருக்கிறது.

கற்றுக்கொடுப்பவரின் இருக்கை, காலிச் சைடுகாரில் வைக்க வேண்டிய எடை ஆகிய இரண்டையும் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 3-ஆவது விதியில் தெளிவுபடுத்த வேண்டும். சைடுகார் ஓட்ட விரும்புவோருக்கு அதே வண்டியில், இடவளைவும் திடீர் பிரேக்கும் அடங்கிய தேர்வு நடத்தி, அதை உரிமத்தில் குறிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி