டெரி ஐவ்ஸும் பெரியம்மாவும்

அன்புள்ள குருவிக்கு,

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, அது தெரிஞ்சதுதானே. நீ மறுகா மறுகா கேட்டதுக்குப் பதில்: ஓம்கா, நீ பாக்கச் சொன்ன தாய்மார் கதைத் தொடரெல்லாம் பாத்து முடிச்சிட்டன். 'ரெய்ஸ்ட் பை வுல்வ்ஸ்' தொடர்ல பிள்ளை வளக்கிற ரோபோத் தாயில எனக்கு ஒரு சந்தேகம்தான். நம்மட பக்கம் குடி, அதுதான் குலம், தாய்வழியா வாறது. அவ வளத்த பிள்ளைகளுக்கு என்ன குடி, கோயில்ல அவங்கட பங்கு எங்க? கோயில் நிர்வாகம் பாக்கிற உன்ட வண்ணக்கர் மாமாவிட்டக் கேட்டுச் சொல்லு.

பகிடி கிடக்கட்டும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர்ல மகனைத் துலைச்ச ஜோய்ஸைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாய். சுவர்ல எழுத்தெழுதி, கலர் பல்பு கட்டி, உடலைக் கொண்டுவந்து காட்டியும் என்ட பிள்ளை இல்ல எண்டு நிண்டவ. நல்ல தாய்தான். ஆனா அந்தக் கதை அவவுக்கு லேசாத்தான் எழுதியிருக்கு. உடலுக்குள்ள பஞ்சு. சீசன் முடிய முன்னம் மகன் வீட்டுக்கு வந்திட்டான். மகன் வந்தபடியாத்தான் ஊர் அவவைப் பைத்தியம் எண்டுறதை விட்டுது.

என்னை நித்திரை கொள்ள விடாதவ டெரி ஐவ்ஸ், அதே தொடர்ல ஆய்வுகூடத்தில வளந்த எலெவன் எண்ட பிள்ளையைப் பெத்தவ. பிள்ளை வயித்திலயே போயிட்டுது எண்டாங்க, அவ நம்பல்ல. வழக்குப் போட்டா, ஒண்டும் நடக்கல்ல. துவக்கோட அந்த ஆய்வுகூடத்துக்குள்ள போனா, பிடிச்சுத் தலையில மின்சாரம் பாய்ச்சி விட்டாங்க. 2017இல் வந்த ரெண்டாம் சீசன்ல கதிரையில இருந்துகொண்டு சூரியகாந்தி, வானவில், 450 எண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறா. நமக்கு அலட்டல் மாதிரி. பிறகுதான் விளங்குது, அவ்வளவும் சாட்சியம். வானவில் எண்டது அவ மகளைக் கண்ட அறை. 450 அவவுக்கு ஏத்தின மின்சாரம். இப்படி ஒருத்தியை வச்சுக்கொண்டு கதையை வேற பக்கம் திருப்பிட்டாங்க, எனக்கு அதில கோபம்.

பெரியம்மாவும் அப்படித்தானேகா? நீலச் சாரம், முகமூடி, பஸ். 1990 செப்டெம்பர் 5, மட்டக்களப்பு வந்தாறுமூலைக் கம்பஸ் அகதி முகாமில இருந்து கொண்டுபோன 158 பேரில அவட மகன், நம்மட அண்ணாவும் ஒராள். எந்த விசாரணைக்குப் போனாலும் அதே சொல்லுகள்தான். எழுதுறவர் பேனையை மூடிப்போட்டு என்னைப் பாப்பார். நானும் டெரிட சகோதரி பெக்கி மாதிரி பக்கத்தில நிப்பன். பெக்கி முதல்ல நம்பாமலேதான் சோறு போட்டுப் பராமரிச்சவ. அந்த இடத்தில படத்தை நிப்பாட்டிப்போட்டு குசினிக்குள்ள போயிட்டன். தாய்மாரைப் பத்தி இவ்வளவு எடுக்கிறாங்களே, பெக்கிக்கு ஒரு எபிசோட் குடுத்தா என்ன குறைஞ்சிரும்?

இனி விஷயம். பெரியப்பா அண்ணாட பேரில எழுதின வயலை மாத்த வேணும். போன கிழமை ஒரு அலுவலர் வந்து, மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வச்சா வேலை சுகம் எண்டார். பெரியம்மா எழும்பி உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறா இல்ல, ஏனெண்டா அந்த மனுசனுக்குக் கதிரை போட்டது நான்.

காணாமற்போனமைச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்குத்தானே. அதை வச்சு வயலைப் பராமரிக்கத்தான் ஏலுமா, காணி உறுதியையும் மாத்தலாமா? நீ சட்டம் படிச்சவள், விசாரிச்சுச் சொல்லு. வாட்சப்பில குரல் அனுப்பாத. பெரியம்மா பக்கத்தில இருந்து கேப்பா. எழுதி அனுப்பு.

உன்ட,
வாயாடி