கோடு போட்ட கைகளுக்கு நன்றி

கிருஷ்ணகிரி பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரை மைதானத்தில் விடிவதற்குள் கால்பந்துக்குக் கோடு போட்டுவிட்டுப் பேர் சொல்லாமல் போன அண்ணா, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

வேலை தெரிந்தவர் கை என்பது மூலையைப் பார்த்ததுமே புரிந்தது. ஒரு பக்கம் 6 மீட்டர், மறு பக்கம் 8 மீட்டர், குறுக்கே 10 மீட்டர் என்று கயிறு பிடித்தால்தான் மூலை சரியாக மடங்கும். 3, 4, 5 என்றும் பிடிக்கலாம், ஆனால் சின்ன அளவில் விரல் அளவு பிசகினாலும் கோடு கோணலாக ஓடும். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில், நடுவட்டம் 9.15 மீட்டர் ஆரத்தில். பெனால்டி பெட்டிக்கு வெளியே வரும் வளைவைப் பெட்டிக் கோட்டிலிருந்து அளப்பதுதான் வழக்கமான தப்பு. நீங்கள் பெனால்டி புள்ளியில் முளை அடித்து அதே 9.15-ஐச் சுற்றியிருக்கிறீர்கள்.

நீற்றாத சுண்ணாம்பைத் தொடாமல் கோலமாவு தூவியதற்குத் தனி நன்றி. சறுக்கி விழும் பிள்ளைகளின் கண்ணிலும் சிராய்ப்பிலும் சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும்.

கல்குவாரிச் சில்லும் நெருஞ்சி முள்ளும் கோல் கம்பத்துக்கு முன்னால்தான் அதிகம் கிடக்கும், அதையும் பெருக்கியிருக்கிறீர்கள். பந்தின் உள்ளே இருக்கும் பிளாடர் பஞ்சராவது பாதி அங்கேதான். பந்துக்குக் காற்றடிக்கும் தம்பிகளே, ஊசியை நனைத்துச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும்.

கிரிக்கெட் ஸ்டம்பு நடுவட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அது கோடு போடுவதைவிடக் கஷ்டம்! அடுத்த முறை வந்தால் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்கும், ஒரு குரல் கொடுங்கள் அண்ணா.