பேரன் சொன்ன ‘மரம்’

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. பையனுக்குத் தமிழும் தெளிவாக வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை, இனி வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள் என்று மழலையர் பள்ளியில் சொன்னார்களாமே. அவசரப்பட்டுத் தமிழை நிறுத்திவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் தான் வரைந்த தென்னையைக் காட்டி ‘மரம்’ என்றான். அந்த ‘ர’ தொண்டையில் கரகரத்தது. நான் விடாமல் ஆறேழு தரம் திருப்பிச் சொல்லவைத்தேன். படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டான். நீ ஒன்றாம் வகுப்பில் ‘இஸ்கூல்’ என்று சொன்னதற்கு ஒரு டீச்சர் உன்னை எழுப்பி நிற்கவைத்தார், நினைவிருக்கிறதா? ஒரு வாரம் நீ வகுப்பில் வாயே திறக்கவில்லை. அந்த டீச்சரிடம் சண்டைக்குப் போனவள் நான். அதையே என் பேரனுக்குச் செய்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

தமிழ்ச் சொல் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்காது, அதனால்தான் ஸ்கூலுக்கு முன்னால் உனக்கு ஓர் ‘இ’ வந்தது. ஜெர்மனியில் பெரும்பாலோர் ‘ர’வைத் தொண்டையில் சொல்கிறார்கள். நாள் முழுக்க அதைக் கேட்கிறவன் நம் மரத்துக்கும் அதையே போடுகிறான். ரகரத்தையும் ழகரத்தையும் தொல்காப்பியம் ஒரே நூற்பாவில் சேர்த்திருக்கிறது: நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் இரண்டும் பிறக்கும். அந்த வளைவு பழகாத நாக்குக்குப் ‘பழம்’ ‘பலம்’ ஆகத்தான் செய்யும். இங்கே தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கும் ழகரம் தாமதமாகத்தான் வருகிறது.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. காதை ஒருமுறை சோதித்துவிடு. தமிழில் எந்தெந்த ஒலியில் தடுமாறுகிறான் என்பதையும் எழுதி டாக்டரிடம் கொடு. இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி தடுமாறினால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால், பெரும்பாலும் ஒரு மொழியின் பழக்கம் மற்றதில் ஏறியிருக்கும். இரண்டு மொழி கேட்பதால் யாருக்கும் பேச்சு கெடாது, கண்ணு.

அவன் தப்பாகச் சொன்னால் நிறுத்தாதே. “ஆமா, எவ்வளவு பெரிய மரம்!” என்று நீ சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். மாப்பிள்ளையிடமும் சொல்.

வரும் ஞாயிறு நான் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்கமாட்டேன். ஜெர்மனில் ஐந்துக்கு உள்ள சொல்லை அவன் அம்முச்சிக்குச் சொல்லித்தரட்டும். நாக்கை ‘இ’யில் வைத்துக்கொண்டு உதட்டை ‘உ’வுக்குக் குவிக்க வேண்டுமாம். காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை. அந்தத் தென்னைப் படத்தையும் எடுத்து வைக்கச் சொல்.

அம்மா