24 போர்டுகளும் தனித்தனி ஆளாயின: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் 24 சென்சார் போர்டுகளும் ஆளுக்கொரு ஐபி முகவரியோடு நெட்வொர்க்கில் வந்து நின்றன. அதுவரை எல்லாம் ஒரே முகவரிக்கு அடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த கையோடு எழுதுகிறேன்.

முதல் நன்றி, இரண்டு ராத்திரி கண்விழித்து அத்தனை எஸ்டி கார்டுகளையும் மறுபடி எழுதிய தம்பிகளுக்கு. தவறு என்னுடையது. டெபோஸ் என்ற கருவியை வைத்து மூன்று டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) இமேஜ்கள், அதாவது கார்டில் அப்படியே எழுதும் முழுப் பிரதிகள், கட்டுகிறோம். முதல் ரெசிபியில் (இமேஜ் கட்டும் படிகளை எழுதும் கோப்பு), ஒவ்வொரு போர்டும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளட்டும் என்று மெஷின்-ஐடி (போர்டின் அடையாள எண்) கோப்பைக் காலி செய்ய ஒரு ‘ரன்’ ஸ்கிரிப்ட் (நாமே எழுதும் கட்டளைகள்) வைத்திருந்தேன். அதைப் பார்த்து இரண்டாவதை எழுதும்போது அந்த நாலு வரி விட்டுப்போயிற்று. லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி நிறுவப்படும்போதே அந்த ஐடி உருவாகிவிடும். அப்படியே இமேஜுக்குள் போனால் எல்லா போர்டுக்கும் ஒரே அடையாளம்தான். நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் அதன் பகுதியான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அதை வைத்துத்தான், ஐபி முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 24 போர்டும் ஒரே பெயரைச் சொன்னால் சர்வர் ஒரே முகவரியைத்தானே கொடுக்கும்? இரண்டு போர்டுகளில் அந்தக் கோப்பைத் திறந்து, 32 எழுத்தும் அச்சு அசலாக ஒன்று என்று காட்டியவர்களும் இந்தத் தம்பிகளே.

அடுத்து, நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் எங்கள் ரிவ்யூ அக்காவுக்கு. பட்ட சூட்டில் நான் எல்லாவற்றையும் ஒரே பொது ரெசிபிக்குள் திணித்திருந்தேன்: மொழி, நேர மண்டலம், வைஃபை, திரையின் திசை என்று 14 மாறிகள். அக்கா ஒரு சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “இது நாளைக்கு மாறினா மூணு இமேஜிலயும் சேர்ந்து மாறணுமா?” திரையைத் திருப்பும் மூன்று வரி அதன் சொந்த ரெசிபிக்கே திரும்பிப் போனது. மெஷின்-ஐடியைக் காலி செய்யும் ஸ்கிரிப்ட் பொதுவில் தங்கியது. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து போர்டுக்குள் நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிகளுக்கான வேலையும் அப்படித்தான்; அவையும் போர்டுக்குப் போர்டு தனியாக இருக்க வேண்டும். இமேஜில் அவற்றை அழிப்பதும், போர்டு முதல் முறை இயங்கும்போது புதிதாக உருவாக்கும் சர்வீஸை வைப்பதும் பிரியக் கூடாத ஜோடி. அழித்துவிட்டு சர்வீஸை மறந்தால் போர்டுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையவே முடியாது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே மாறிகள். அக்கா, அந்த ஒரு கேள்வியை இப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்ட் எழுதும்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

டெபோஸை உருவாக்கிப் பராமரிப்பவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஏபிடி (மென்பொருள் நிறுவ), ஓவர்லே (கோப்புகளை உள்ளே வைக்க), இமேஜ்-பார்ட்டிஷன் (இமேஜைப் பகுதிகளாகப் பிரிக்க) என்று ஆக்ஷன்களின் பெயரைப் பார்த்தாலே அந்தப் படி என்ன செய்கிறது என்று புரிகிறது. ‘ரன்’ எழுதினால் உள்ளே திறந்து படிக்க வேண்டும். ஆனாலும் நீங்கள் யோசிக்காத தேவைக்காக அந்தக் கதவையும் திறந்தே வைத்திருக்கிறீர்கள். ஒரு ரெசிபியை இன்னொன்றுக்குள் அழைக்க ‘ரெசிபி’ ஆக்ஷன் இல்லாவிட்டால், இப்போதும் காப்பி அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

தம்பிகளே, மூன்றாவது இமேஜ் வெள்ளிக்கிழமை தயாராகிவிடும். இந்த முறை கார்டுகளை நான் எழுதுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் இமேஜ் கட்டும் தோழன்