இன்னும் எத்தனை விலக்கு? ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு வணக்கம்.

எளிதில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேரும் நச்சு ரசாயனங்களைப் பட்டியலிட்டுத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்டது உங்கள் உடன்படிக்கை. அதற்காக நீங்கள் கூடுகிறீர்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலைதான் நினைவுக்கு வரும். இந்த உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை 1999-ல் நைரோபியில் நடந்தபோது, ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் சார்பில் வந்த ஷீலா வாட்-க்ளூட்டியே, கல்லில் செதுக்கிய தாயும் சேயுமான சிலையொன்றை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவரிடம் கொடுத்தார். ஏன் தாயும் சேயும்? 1980-களில் கனடாவில், கியூபெக் மாகாணத்தின் வடக்கே இனுயிட் மக்கள் வாழும் நுனாவிக் பகுதியில் தாய்ப்பாலைச் சோதித்திருந்தார்கள். தொழிற்சாலை வாடையே இல்லாத பகுதி, சுத்தமான பால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் அங்கே போனார்கள். முடிவு தலைகீழாக வந்தது. தெற்கு கியூபெக் தாய்மாரின் பாலில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு பிசிபி, அதாவது மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட குளோரின் ரசாயனம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். (துருவத்திலேயே கொட்டியதும் உண்டு, பனிப்போர்க் கால ராடார் நிலையங்கள் விட்டுப்போன பிசிபி கதை தனி.) பெரும்பகுதி வெகுதூரத்திலிருந்து வந்தது. வெப்பமான இடத்தில் ஆவியாகி, காற்றோடு போய், குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி கொஞ்சம் சூடு பட்டால் எழும்பி இன்னும் வடக்கே தாவும். கடைசியில் இறங்கும் இடம் பனி. அங்கே பாசியில் ஏறும், பாசியைத் தின்னும் நுண்ணுயிரில், மீனில், கடல்நாயில் ஏறும். ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். பனிக்கரடி கடல்நாயைப் பிடித்தால் முதலில் தின்பதே கொழுப்பைத்தான், நஞ்சு சேர்ந்திருப்பதும் அதில்தான். அப்புறம் தாய்க்கரடி பனிக் குகைக்குள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். சேர்த்து வைத்த கொழுப்பு கரையக் கரைய, அதில் கிடந்தவை ரத்தத்துக்கும் பாலுக்கும் வரும். அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. குட்டிக்கு அதைத் தவிர வேறு உணவு கிடையாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆர்க்டிக்கும் அங்குள்ள பழங்குடி மக்களும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உடன்படிக்கையின் முகவுரையிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். 2001-ல் பன்னிரண்டு ரசாயனங்களோடு தொடங்கிய பட்டியல் இன்று நீண்டிருக்கிறது. தடை வந்தபின் பழைய பொருட்கள் பலவற்றின் அளவு ஆர்க்டிக் உயிர்களில் குறைந்ததும் உண்மை. ஆகவே உடன்படிக்கை வீண் என்று சொல்ல வரவில்லை. வேலை செய்கிறது என்பதால்தான் அதன் மந்தம் உறுத்துகிறது.

பூச்சிக்கொல்லியாகவும், பொருட்கள் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் தீத்தடுப்பானாகவும் பயன்பட்ட மைரெக்ஸ் உங்கள் முதல் பன்னிரண்டில் ஒன்று. தீத்தடுப்பானாக அதற்கு மாற்றாக 1960-களிலேயே சந்தைக்கு வந்தது டெக்லோரேன் பிளஸ். அது பட்டியலுக்கு வந்தது 2023-ல்! உலோகம் வெட்டும் எண்ணெயிலும் பிளாஸ்டிக்கிலும் சேர்க்கும் குட்டைச் சங்கிலி குளோரின் பாரஃபின்களை 2006-ல் முன்மொழிந்தார்கள், முடிவெடுக்க 2017 ஆனது. அந்தப் பதினோரு ஆண்டில் பிறந்த கரடிக்குட்டி வளர்ந்து தானும் குட்டி போட்டிருக்கும். அவற்றுக்கு மாற்றாகப் பலரும் எடுத்துக்கொண்ட நடுச்சங்கிலி வகை 2025-ல் பட்டியலுக்கு வந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தேடுகிற வேலையாகத்தான் இது தெரிகிறது.

நீரும் எண்ணெயும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பிஃபாஸ் ரசாயனங்களின் கதை இன்னும் மோசம். பிஃபாஸ் கொழுப்பைத் தேடிப் போவதில்லை, ஈரலிலும் ரத்தத்திலும் தங்கும். காற்றோடு மட்டுமின்றிக் கடல் நீரோட்டத்தோடும் துருவத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கொண்ட குடும்பம் அது. நீங்கள் 2009-ல் ஒன்று, 2019-ல் ஒன்று, 2022-ல் ஒன்று, 2025-ல் ஒரு சிறு கூட்டம் என்று அதன் வகைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பட்டியலில் சேர்த்த பொருளையும் சில பயன்களுக்குத் தொடர அனுமதிக்கும் விலக்குகளைப் பற்றியும் பேச வேண்டும். சிலவற்றுக்கு அவகாசம் தேவை என்பது புரிகிறது. உயிர்காக்கும் கருவியை ஒரே இரவில் மாற்ற முடியாது. சரி. ஆனால் பிளாஸ்டிக்கில் கலக்கும் யுவி-328-ஐ 2023-ல் பட்டியலில் சேர்த்துவிட்டு, 2025-ல் விமானங்களுக்காக அதற்குப் புதிதாக ஒரு விலக்கைத் திறந்தீர்களே, அது எந்தக் கணக்கு? பூட்டிய கதவை யாரோ தட்டினார் என்று திறந்தால், அடுத்தவர் தட்டாமல் இருப்பாரா?

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்டார்க்டிகாவின் பென்குயின்களில் டிடிடி பூச்சிக்கொல்லி இருப்பது 1960-களிலேயே தெரியவந்தது. பனிக்கட்டிக்குள் புதைந்த அந்தக் கால டிடிடி, பனியாறுகள் உருக உருக மறுபடி கடலுக்கு வருகிறது. பழையது திரும்பி வரும்போது, புதியதையும் கூடவே அனுப்புவது என்ன நியாயம்?

என் கோரிக்கை பெரியதல்ல. ரசாயனங்களை ஒவ்வொன்றாக அல்ல, குடும்பமாகப் பட்டியலிடுங்கள். ஆளே இல்லாத இடத்து உயிரினத்தின் உடலில் ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகிறது என்றால், அதை விற்பவர் அது தீங்கற்றது என்று நிரூபிக்கட்டும். அது தீங்கு என்று நிரூபிக்கும் சுமையைக் கரடி மேல் ஏற்றாதீர்கள். முழு அறிவியல் உறுதி இல்லை என்பதற்காக ஒரு முன்மொழிவை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உங்கள் உடன்படிக்கையின் எட்டாவது பிரிவே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் யாராவது பெயர்ப்பலகையை உயர்த்தி விலக்கு கேட்டால், எத்தனை டன், எத்தனை ஆண்டு, மாற்றுக்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்ற மூன்றையும் அங்கேயே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அறிக்கையில் பதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முடிவுகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர்